மரம் வளைக்க வீட்டிலேயே நீராவிப் பெட்டி: முழுமையான வழிகாட்டி

நீராவிப் பெட்டி செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைத்தான் முதலில் செய்து முடிக்கிறார்கள். அப்புறம் கையில் கிடைத்த பலகையை உள்ளே தள்ளுகிறார்கள். பலகை வெந்து வெளியே வந்த பிறகுதான் மரத்தை வளைத்துப் பொருத்தும் அச்சு ஆடுகிறது, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எட்டவில்லை என்பதெல்லாம் தெரியவருகிறது. அதற்குள் மரம் ஆறிவிடும். ஆறிய மரத்தை வளைத்தால் உடையும். பழி மட்டும் பெட்டி மேல் விழும்.

உண்மையில் இந்த வேலையில் பெட்டிதான் எளிதான பகுதி. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: வளைவின் அளவு, மரம், அச்சு, உலோகப் பட்டை, ஆவி, கடைசியில்தான் பெட்டி. ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டுக்கு 1 மீட்டர் நீளம், 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன் உள்ள ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. வளைவைக் கணக்குப் போடுங்கள்

சூடும் ஈரமும் சேர்ந்தால், மரத்தின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் இளகுகிறது. இளகிய மரம் அமுங்கும், ஆனால் நீளாது. வளையக்கூடிய நல்ல மரம் நீளவாக்கில் 25 சதவீதம் வரைகூட அமுங்கும். நீள்வதோ 2 சதவீதத்துக்குள்தான். கீழே சொல்லப்போகும் விஷயங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

வளைக்கும்போது உள்பக்கம் அமுங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. வெளிப்பக்கம் எவ்வளவு நீளும் என்பதற்குத் தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். 20 மி.மீ. சட்டத்தை 500 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 10-ஐ 500-ஆல் வகுக்க வேண்டும். விடை 2 சதவீதம், அதாவது எல்லைக்கோடு. எனவே ஆரம் தடிமனைப்போல் 25 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் வெறும் அச்சே போதும். அதைவிட இறுக்கமான வளைவுக்கு 4-ஆம் பகுதியில் வரும் உலோகப் பட்டை தேவை. இது ஓரளவு தாராளமான கணக்கு. சில மரங்கள் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். முதல் முயற்சியில் அதை நம்ப வேண்டாம்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் தடிமனைக் குறைக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். தடிமனைப் பாதியாக்கினால் தேவையான ஆரமும் பாதியாகிறது.

2. மரத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆஷ், ஓக், பீச், எல்ம், வால்நட், ஹிக்கரி ஆகியவை நன்றாக வளையும். பைன் போன்ற ஊசியிலை மரங்களும், அடர்த்தியான வெப்பமண்டல மரங்களில் பலவும் இறுக்கமான வளைவுக்குச் சரிப்பட்டு வராது. உங்களிடம் உள்ளது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை வளைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

மரத்தின் வகையைவிட இழை ஓட்டம் முக்கியம். சட்டத்தின் ஒரு முனையில் தொடங்கும் இழை மறு முனை வரை நேராக ஓட வேண்டும். நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறினால், வளைக்கும்போது அந்த இடத்தில் சிம்பு கிளம்பும். ரம்பத்தில் அறுத்த பலகையின் ஓரம் நேராக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே இழை சாய்ந்து ஓடலாம். நான்கு பக்கமும் பாருங்கள். 15 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ.க்கு மேல் இழை சாய்ந்தால் அந்தத் துண்டை வேறு வேலைக்கு வையுங்கள். ஆப்பு வைத்துப் பிளந்தெடுத்த மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பிளவு இழையோடேதான் போகும். கணுவுக்கு இடமே இல்லை. குண்டூசித் தலை அளவுக் கணுவாக இருந்தாலும் சரி.

அடுத்தது ஈரம். 15 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருப்பது வசதி. நிழலில் காற்றில் காய வைத்த மரத்தில் இது கிடைக்கும். சூளையில் உலர்த்திய மரத்தின் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். அதை வளைப்பது கடினம். சில நாள் தண்ணீரில் ஊற வைத்தால் கொஞ்சம் தேறும், ஆனால் காற்றில் காய்ந்த மரத்துக்கு அது ஈடாகாது. கடையில் வாங்கும் மரம் பெரும்பாலும் சூளையில் உலர்ந்ததுதான். புதியவர்களின் முதல் துண்டு உடைவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம் இது. விற்பவரிடம் எப்படி உலர்த்தினார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வெட்டும்போது தேவையைவிட இரு முனையிலும் 75 மி.மீ. கூடுதலாக விடுங்கள். முனைகள் சரியாக வளையாது, சீக்கிரம் வெடிக்கவும் செய்யும். ஒரே மரத்திலிருந்து இரண்டு மூன்று துண்டுகள் அதிகமாகவே வெட்டி வையுங்கள். வளைவின் வெளிப்பக்கமாக வரப்போகும் முகத்தை இழைத்து வழவழப்பாக்குங்கள். ரம்பத்தின் கீறல்கூட விரிசலுக்கு வாசல் திறக்கும்.

3. அச்சு

சுடும் மரம் அச்சின் மேல் தரும் விசை எதிர்பார்ப்பதைவிட அதிகம். 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை அடுக்கி ஒட்டி, சட்டத்தின் அகலத்தைவிடச் சற்று அதிகமான தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். நம் 40 மி.மீ. சட்டத்துக்கு 3 அடுக்கு போதும். இந்த அச்சைக் கனமான ஒரு பலகை மேல் போல்ட் போட்டு, அந்தப் பலகையைப் பட்டறை மேசையில் இறுக்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு வளைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வளைவின் விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளி, 100 மி.மீ.க்கு ஒன்றாகக் கிளாம்ப் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் போடுங்கள். கிளாம்பின் ஒரு தாடை ஓட்டைக்குள், மறு தாடை சட்டத்தின் வெளிப்பக்கம். ஓட்டை போட மறந்த அச்சில் கிளாம்ப் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அச்சின் வளைவு, கடைசியில் வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். கிளாம்பைக் கழற்றியதும் மரம் சற்று நிமிரும். எவ்வளவு நிமிரும் என்பது மரத்துக்கு மரம் மாறும். முதல் துண்டை வளைத்து, காய வைத்து, அளந்து, பிறகு அச்சைத் திருத்துவதுதான் சரியான வழி. ஒரே ஒரு துண்டுதான் வேண்டும் என்றாலும் இந்த ஒத்திகைத் துண்டைத் தவிர்க்க வேண்டாம்.

4. பட்டையும் முட்டுக்கட்டையும்

25 மடங்குக் கணக்கில் தேறாத எல்லா வளைவுக்கும் இது வேண்டும். வெளிப்பக்கத்தை நீளவிடாமல் தடுத்து, மொத்த மாற்றத்தையும் அமுங்கும் பக்கத்துக்குத் தள்ளுவதுதான் பட்டையின் வேலை. நம் சட்டத்தை 100 மி.மீ. ஆரத்தில் வளைப்பதாக வைத்துக்கொள்வோம். உள்முகத்தின் ஆரம் 100, வெளிமுகத்தின் ஆரம் 120. வெளிமுகம் நீளாமல் நின்றால் உள்முகம் சுமார் 17 சதவீதம் அமுங்க வேண்டும். நல்ல மரம் அதைத் தாங்கும். பட்டை இல்லாமல் போனால் வெளிமுகம் கிழிந்துவிடும்.

1 முதல் 1.5 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தின் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு நல்லது. இரண்டு முனையிலும் கடினமான மரத்தில் முட்டுக்கட்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு போல்ட் போடுங்கள். முட்டுக்கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, சட்டத்தின் நீளத்துக்குத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். 2 மி.மீ. இடைவெளி இருந்தால்கூட, அந்த 2 மி.மீ. மூடும்வரை பட்டை எதையும் தாங்காது. அதற்குள் வெளிப்பக்கம் நீண்டு கிழிந்துவிடும். பட்டை போட்டும் உடைந்தது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

ஆவியில் மரத்தின் நீளமும் துளி மாறும். அதனால் ஒரு முட்டுக்கட்டையில் ஆப்போ திருகு போல்ட்டோ வைத்து, மரம் உள்ளே உட்கார்ந்ததும் இறுக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

வளைக்கும்போது முட்டுக்கட்டை பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாய்ந்தால் பிடி விட்டுப்போகும். அதைத் தடுக்க, பட்டையின் வெளிப்புறத்தில் முட்டுக்கட்டையோடு சேர்த்து ஒரு நீளமான கைப்பிடிச் சட்டத்தைப் போல்ட் போடுங்கள். அதுவே நெம்புகோலாகவும் உதவும்.

சாதாரண எஃகுத் தகடு என்றால் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வையுங்கள். ஓக் போன்ற, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும்.

5. ஆவி எங்கிருந்து வரும்

கொதிக்கும் தண்ணீரில் 1 கிலோவாட் சூடு மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டரை ஆவியாக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாகிறது. அதனால் பெட்டியை நிரப்புவது பெரிய விஷயமில்லை. பெட்டியின் சுவர் வழியாக வெளியேறும் சூட்டுக்கு ஈடுகொடுப்பதுதான் சவால். சிறிய பெட்டிக்கு 2 கிலோவாட் தாராளம்.

சுவர்த்தாள் உரிக்கப் பயன்படும் மின்சார ஆவிக் கருவி இந்த வேலைக்கு மிக வசதி. நீளமான குழாய், பெரிய தண்ணீர்த் தொட்டி, தண்ணீர் தீர்ந்தால் அணையும் ஏற்பாடு எல்லாம் அதிலேயே வரும். அது கிடைக்காவிட்டால் மூடியில் குழாய் பொருத்திய உலோகப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கலாம். எரிபொருளோ ரசாயனமோ இருந்த டின்னை ஒருபோதும் எடுக்காதீர்கள். பிரஷர் குக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வெயிட்டை எடுத்துவிட்டு அந்த வாயில் குழாயைப் பொருத்துவார்கள். அப்படிச் செய்தால் சேஃப்டி வால்வைத் தொடவே கூடாது. ஆவி போகும் துளை சிறியது என்பதால் எனக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

குழாய் 100 டிகிரியைத் தாங்க வேண்டும். சிலிகான் ஹோஸோ கார் ரேடியேட்டர் ஹோஸோ சரி; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் இளகித் துவண்டுவிடும். குழாய் நடுவில் எங்கும் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கி வழியை அடைக்கும். அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறும். ஆவிக் கருவியிலிருந்து பெட்டி வரை குழாய் மேல்நோக்கியே ஏறட்டும். குளிர்ந்த தண்ணீர் தானாகத் திரும்பி வந்துவிடும்.

6. பெட்டியைக் கட்டுங்கள்

மரம் வசதியாக நுழையும் அளவுக்கு மேல் பெட்டியைப் பெரிதாக்க வேண்டாம். நம் சட்டத்துக்கு உள்ளளவு 1,300 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம் போதும், இரு முனையிலும் விட்ட கூடுதல் நீளமும் இதில் அடங்கிவிடும். பின்னால் உதவும் என்று ஒரு அலமாரி அளவுக்குப் பெட்டி செய்கிறவர்கள் அதைச் சூடாக்கவே முடியாமல் தவிக்கிறார்கள். சுவரின் பரப்பு கூடக்கூட அங்கே ஆவி தண்ணீராகி வீணாகும்.

வெளிப்புற உபயோகத்துக்கான 18 மி.மீ. பிளைவுட் எடுங்கள். சாதாரண பிளைவுட்டின் பசை ஆவியில் விட்டுப்போய் அடுக்கடுக்காகப் பிரியும். பி.வி.சி. பைப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது சுமார் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். மரத்தின் எடையும் சேர்ந்தால் நடுவில் தொங்கிவிடும். பிளைவுட்டே மேல்.

வேலையின் வரிசை இப்படி:

நான்கு பலகைகளையும் வெட்டியதும், சேர்ப்பதற்கு முன்பே இரு பக்கப் பலகைகளிலும் நேருக்கு நேராக 12 மி.மீ. ஓட்டைகள் போடுங்கள். 150 மி.மீ.க்கு ஒன்று, அடியிலிருந்து 35 மி.மீ. உயரத்தில். இவற்றில் உருளையான மரக்குச்சிகளை நுழைத்தால் சட்டம் அவற்றின் மேல் கிடக்கும். சட்டம் தரையில் கிடந்தால் அடிப்பக்கம் ஆவி படாமல், தேங்கும் தண்ணீரில் நனைந்து, மேல்பக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும். பெட்டியை மூடிய பிறகு இந்த ஓட்டைகளைப் போடுவது பெரும் தொல்லை.

பிறகு திருகுங்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகு, 100 மி.மீ.க்கு ஒன்று, முன்துளை போட்டு. பசை வேண்டாம். வழக்கமான வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும். தவிர பெட்டி ஊதிச் சுருங்கும்போது அவ்வப்போது திருகுகளை இறுக்க வேண்டியிருக்கும். உள்ளே பெயிண்டும் வேண்டாம், உரிந்து மரத்தில் ஒட்டும்.

ஒரு முனையை நிரந்தரமாக மூடுங்கள். மறு முனையில் கீல் வைத்த கதவு. கதவு காற்றுப் புகாமல் இறுக்கமாக மூட வேண்டியதில்லை, மூடவும் கூடாது. இது அழுத்தப் பாத்திரம் இல்லை. ஆவி எப்போதும் எங்காவது வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் நான்கு துளைகள். பெட்டி நீளத்தின் நடுவில், பக்கச் சுவரில், குச்சிகளுக்குக் கீழே ஆவி நுழையும் துளை. கதவு முனையில், அடிப்பலகையில் 10 மி.மீ. வடிகால் துளை. மூடிய முனையில், மேல்பலகையில் 10 மி.மீ. ஆவி வெளியேறும் துளை. அதன் பக்கத்திலேயே வெப்பமானிக்கு ஒன்று. வடிகால் பக்கம் தாழும்படி மறு முனையின் கீழ் 50 மி.மீ. கட்டை வைத்து நிறுத்துங்கள். வடிகாலின் கீழ் ஒரு வாளி.

சூடு குறைவாக இருந்தால் பெட்டியைப் பழைய கம்பளியாலோ கல்கம்பளியாலோ போர்த்துங்கள், துளைகளை மறைக்காமல். தெர்மோகோல் ஒட்டாதீர்கள், அது இந்தச் சூட்டில் சுருங்கிவிடும்.

7. வெறும் பெட்டியும் உலர் ஒத்திகையும்

மரம் வைக்காமல் பெட்டியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் மூடிய முனையில் வெப்பமானி 98 டிகிரியைத் தொட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும், அங்கே அந்த அளவுதான் வரும். எட்டவில்லை என்றால் கதவின் இடுக்குகளைத் துணியால் குறையுங்கள், போர்வையைக் கூட்டுங்கள். தொட்டி எத்தனை நேரம் தாங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆவியே இல்லாத ஒத்திகை. சட்டத்தை அதே தடிமனுள்ள, சுலபமாக வளையும் ஏதாவது ஒன்றால் மாற்றி, பெட்டியிலிருந்து எடுப்பது முதல் கடைசிக் கிளாம்ப் வரை செய்து பாருங்கள். கிளாம்ப்களைத் தேவையான அளவுக்குத் திறந்து, போடும் வரிசையில் அடுக்குங்கள். பெட்டிக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு எட்டுக்கு மேல் வேண்டாம். யார் எதைப் பிடிப்பது என்று துணைக்கு வருபவரிடம் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

8. ஆவியில் வைப்பது

பெட்டி முழுச் சூட்டுக்கு வந்த பிறகே மரத்தை உள்ளே வையுங்கள். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. அகலம் கணக்கில் வராது, மெல்லிய பக்கம்தான் கணக்கு. நம் 20 மி.மீ. சட்டத்துக்கு 50 நிமிடம். கதவைத் திறந்ததும் சூடு இறங்கும். வெப்பமானி பழைய இடத்துக்குத் திரும்பியதும் நேரத்தை எண்ணத் தொடங்குங்கள்.

இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று இரட்டிப்பு நேரம் வைப்பதில் லாபமில்லை. அளவுக்கு மீறி வெந்த மரத்தின் உள்பக்கம் வளைக்கும்போது சுருக்கம் விழும்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கொதிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்று, மரம் பாதியில் ஆறிவிடும். இந்த நேரத்தில் பட்டையையும் பெட்டியின் மேல் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த தகடு மரத்தின் முகத்தைத் தொட்ட உடனே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதுவும் விரிசல் விழக்கூடிய அந்த வெளிமுகத்தில்.

9. வளைப்பது

கெட்டியான கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. கதவைத் திறக்கும்போது நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று திறந்து, முதல் ஆவி வெளியேறும்வரை முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஆவி சுடுவது கொதிநீர் சுடுவதைவிட மோசம்.

எடுத்த கணத்திலிருந்து உங்களுக்கு இருப்பது ஒரு நிமிடம் போல. மெல்லிய சட்டம் என்றால் அதற்கும் குறைவு. பட்டையில் உட்கார வைத்து, ஆப்பை இறுக்கி, அச்சில் வைத்து, வளைக்கத் தொடங்குங்கள். ப வடிவ வளைவு என்றால் முதல் கிளாம்ப் நடுவில், பிறகு இருபுறமும் ஒரே சமயத்தில். ஒரு முனை மட்டும் வளைய வேண்டும் என்றால் அந்த முனையிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே சீரான வேகத்தில், நிறுத்தாமல் கொண்டுபோங்கள். வெடுக்கென்று இழுத்தால் இழைகளுக்கு நகர நேரமிருக்காது. நடுவில் நின்று யோசித்தால் மரம் ஆறும். அடுத்த கிளாம்ப் போடும் இடத்துக்கு முன்னால் மரத்துக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி விழ விடாதீர்கள். அங்கேதான் வளைவு குவிந்து முறியும். மரம் திடீரென்று விறைப்பாகிவிட்டால் பலத்தைக் காட்டாமல் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். மறுபடி ஆவியில் வைத்து வளைத்தால் முதல் தடவை போல வளையாது.

10. காய விடுவது

ஒரு நாள் முழுக்க அச்சிலேயே இருக்கட்டும். வெளிப்பக்கம் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டுக் கழற்றினால் அச்சின் வளைவில் கணிசமான பங்கு திரும்ப நிமிர்ந்துவிடும்.

அடுத்த துண்டுக்கு அச்சு தேவைப்பட்டால், பட்டையைக் கழற்றிவிட்டுச் சட்டத்தின் இரு முனைகளையும் குறுக்குச் சட்டம் வைத்துக் கட்டி, நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். ஒரு வாரமாவது ஆகும், தடிமனான மரம் என்றால் இன்னும் அதிகம். உலர்ந்ததா என்று அறியத் தராசுதான் நம்பகமான வழி: எடை இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்றால் எடுக்கலாம். இணைப்பு வெட்டுவதும் ஒட்டுவதும் அதற்குப் பிறகு. ஈரத்தில் வெட்டிய துளையும் கூரும் காய்ந்ததும் பொருந்தாது.

11. உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள்

காரணம் அதில்தான் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் சாய்வாகச் சிம்பு கிளம்பியிருந்தால் இழை ஓட்டம் தவறு. மரத்தை மாற்றுங்கள், பெட்டியைத் தொட வேண்டாம். சிம்பு சிறியதாக இருந்தால் அப்படியே அச்சில் காய விட்டு, பிறகு பசை வைத்து ஒட்டிவிடலாம்.

குறுக்கே நறுக்கென்று முறிந்து, முறிவு கரடுமுரடில்லாமல் குட்டையாக இருந்தால் மரம் அதிகமாக உலர்ந்தது, அல்லது சூடு உள்ளே வரை போகவில்லை. முறிந்த இடத்தை உடனே தொட்டுப் பாருங்கள். நடுப்பகுதி சுடாமல் வெதுவெதுப்பாக இருந்தால் ஆவி நேரம் போதவில்லை.

உள்பக்கத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தால் அந்த மரத்துக்கு ஆரம் மிக இறுக்கம், இல்லையென்றால் மரத்தில் ஈரம் அதிகம். பச்சை மரத்தில் இது அடிக்கடி வரும். செல்களில் நிறைந்திருக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் சுவர்கள் கிழியும். பட்டையோடு வளைத்தபோது இப்படி ஆனால் முட்டுக்கட்டையின் திருகைக் கடைசிக் கட்டத்தில் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள்.

வளைவு நன்றாக வந்து, பட்டை பட்ட இடத்தில் கருநீலக் கறை மட்டும் என்றால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை எடுத்துவிடும். அது நச்சு, கையுறை போட்டு, பூசி, நன்றாகக் கழுவி, மறுபடி காய வைத்த பிறகே தேய்க்கப் போங்கள். அமிலம் மிஞ்சிய மரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும்.